கதவைத் திறக்க ஆள் இருக்கும் வரை: ஓர் ஆல்ப்ஸ் கிராமமும் அதன் இரண்டு புத்தாண்டுகளும்

மரபைக் காப்பாற்ற வேண்டும், பண்டிகைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். சரி, காப்பாற்றுவது என்றால் என்ன செய்வது? பழைய கட்டடம் என்றால் விரிசலைப் பூசலாம், ஓலைச்சுவடி என்றால் பூச்சி அரிக்காமல் எண்ணெய் தடவி வைக்கலாம். ஒரு பாட்டை, அல்லது வருடத்தில் ஒரு நாள் விடியற்காலையில் வீடு வீடாகப் போகும் வழக்கத்தை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது? இதைப் பொதுவாகப் பேசினால் ஒன்றும் புரியாது என்பதால் ஒரே ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் பாதி விஷயம் தானாகவே விளங்கிவிடும்.

கிராமத்தின் பெயர் ஊர்நேஷ். சுவிட்சர்லாந்தின் வடகிழக்கில், அப்பன்செல் அவுசர்ரோடன் என்ற சின்ன மாநிலத்தில் இருக்கிறது. 2,502 மீட்டர் உயரமுள்ள சென்டிஸ் மலைக்குக் கீழே, ஏறக்குறைய 2,300 பேர் வாழும் ஊர். ஊர் நடுவே ஒரு சதுக்கம், அதைச் சுற்றி மர வீடுகள், அதற்கு வெளியே சரிவுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பண்ணை வீடுகள். கோடையில் மாடுகள் மேலே மலை மேய்ச்சலுக்குப் போகும், குளிர்காலத்தில் தொழுவத்தில் கட்டிக் கிடக்கும். இந்த ஊர் புத்தாண்டை இரண்டு தடவை வரவேற்கிறது: டிசம்பர் 31-ஆம் தேதி ஒரு முறை, ஜனவரி 13-ஆம் தேதி இன்னொரு முறை.

ஏன் இரண்டு? 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தினார். கத்தோலிக்கப் பகுதிகள் அதை ஏற்றுக்கொண்டன, சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையைச் சேர்ந்தவர்கள் பலர் 'போப் சொல்லி நாங்கள் நாளை மாற்றுவதா' என்று மறுத்துவிட்டார்கள். அப்பன்செல் 1597-இல் மத அடிப்படையில் இரண்டாகவே பிரிந்தது, கத்தோலிக்க இன்னர்ரோடன் ஒரு பக்கம், சீர்திருத்த அவுசர்ரோடன் மறுபக்கம். அவுசர்ரோடன்காரர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியை 1798 வரை விடவில்லை. அப்புறம் அரசாங்கக் கணக்கில் புது நாட்காட்டி வந்தாலும் மக்கள் மனதில் பழைய வருடக் கடைசி நாள் போகவில்லை. இன்று இரண்டு நாட்காட்டிக்கும் 13 நாள் வித்தியாசம். டிசம்பர் 31-இலிருந்து 13 நாள் எண்ணிப் பாருங்கள், ஜனவரி 13 வரும். அதுதான் 'பழைய சில்வெஸ்டர்'. (சில்வெஸ்டர் என்பது டிசம்பர் 31-க்கு அங்கே உள்ள பெயர், அன்று புனித சில்வெஸ்டரின் நாள்.) இந்த இரண்டு தேதிகளில் எது ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் கொண்டாட்டத்தை ஒரு நாள் முன்னதாகச் சனிக்கிழமைக்கு நகர்த்திவிடுவார்கள்.

அந்த நாளில் நடப்பதுதான் சில்வெஸ்டர்கிளவுசன். வேஷம் கட்டியவருக்கு 'கிளவுஸ்' என்று பெயர். நிக்கோலாஸ் என்ற பெயர் அந்த ஊர்ப் பேச்சில் தேய்ந்து வந்த வடிவம் அது.

விடியற்காலை ஐந்து மணிவாக்கில், நல்ல இருட்டில், பனிக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்கத் தொடங்கும். முதலில் தூரத்தில் ஏதோ மாட்டு மந்தை வருவதுபோல இருக்கும், ஆனால் அந்தக் குளிரில் எந்த மாடும் வெளியே வராது. வருவது ஆட்கள். பெரும்பாலும் ஆறு பேர் கொண்ட ஒரு குழு, அதற்கு 'ஷுப்பல்' என்று பெயர். ஆறு பேரில் இரண்டு பேர் 'ரோல்லி', பெண் வேஷம் கட்டிய ஆண்கள். ஒருவர் குழுவுக்கு முன்னால், ஒருவர் கடைசியில். அவர்கள் உடம்பில் குறுக்கே போட்ட தோல் வாரில் பெரிய பெரிய உருண்டை மணிகள் தொங்கும், நம் சலங்கை மணியை ஒரு சாத்துக்குடி அளவுக்கு ஊதிப் பெருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. நடுவில் வரும் நான்கு பேர் 'ஷெல்லி', மார்பில் ஒன்று முதுகில் ஒன்றாக இரண்டு பெரிய மாட்டு மணி. ரோல்லி துள்ளினால் மணிகள் கலகலவென்று ஒலிக்கும், ஷெல்லி உடம்பைத் திருப்பினால் கனத்த ஒலி வரும். இந்தச் சுமையோடு, தலையில் தொப்பியையும் வைத்துக்கொண்டு, பனிச் சரிவில் நாள் முழுக்க நடக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 20 கிலோவைத் தாண்டும்.

வேஷத்தில் மூன்று வகை. 'அழகர்' என்று ஒரு வகை: வெல்வெட் உடை, பொம்மை முகம் போலச் சிரிக்கும் முகமூடி, தலையில் மேசை அளவுக்கு அகலமான தொப்பி. 'கோரர்' என்று இன்னொரு வகை: வைக்கோல், சுள்ளி, தோல், கொம்பு, பல் எல்லாம் வைத்து பயமுறுத்தும் முகமூடி. மூன்றாவது 'அழகுக் கோரர்': பாசி, தேவதாரு இலை, மரப்பட்டை, கூம்புக்காய், நத்தை ஓடு என்று காட்டில் கிடைப்பதையெல்லாம் கொண்டு கோரர் போல உடம்பை மூடி, அழகர் போல நுணுக்கமாக வேலை செய்த வேஷம். இந்த மூன்றாவது வகை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வந்தது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

சரி, இப்போது ஒரு பண்ணை வீட்டு வாசலுக்கு வருவோம். என் பார்வையில் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்து நிற்பார்கள். தாத்தா பாட்டி, பிள்ளைகள், முந்தின நாளே வந்து தங்கிய உறவினர்கள், எல்லோரும். குழு வரிசையாக வந்து, வாசலில் சுற்றி நின்று, மணிகளை உலுக்கி ஒலிக்கும். பிறகு ஒரேயடியாக நிறுத்திவிடும். அந்த நிசப்தத்தில் ஒரு குரல் தொடங்கும். சொல்லே கிடையாது, வெறும் உயிரெழுத்துகள்தான். அந்தப் பகுதியின் யோடல் பாட்டு அது, அதாவது குரலைக் கீழிருந்து மேலே சட்டென்று உடைத்து மாற்றிப் பாடுவது, 'சோயர்லி' என்று பெயர். ஒருவர் முன்னெடுப்பார், இன்னொருவர் பின்னலாகச் சேருவார், மற்றவர்கள் நீளமாக இழுத்து சுருதி பிடிப்பார்கள். முகமூடிக்குப் பின்னாலிருந்து வருவதால் குரல் கொஞ்சம் அடங்கி, எங்கிருந்தோ வருவதுபோல இருக்கும். ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்குச் சொல் இல்லாத பாட்டு ஒன்றும் புதிதல்ல, ஆனால் ஆறு பேர் சேர்ந்து, ஒத்திகை மேடை எதுவும் இல்லாமல் மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் நின்று அதைப் பாடுவது வேறு அனுபவம். பாட்டு முடிந்ததும் மறுபடி மணி, மறுபடி பாட்டு. வழக்கமாக மூன்று முறை வரை.

அப்புறம் வீட்டுக்காரர் குடிக்கக் கொடுப்பார், பெரும்பாலும் சூடாக்கிய ஒயின். முகமூடியைக் கழற்றக்கூடாது என்பதால் உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுப்பார்கள். முகமூடியின் வாய் ஓட்டைக்குள் குழலைச் செருகி ஒவ்வொருவரும் குடிப்பார்கள். பிறகு ஒவ்வொரு கிளவுஸும் வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் கை குலுக்கி 'நல்ல புது வருடம்' என்று வாழ்த்துவார். வீட்டுக்காரர் கையில் கொஞ்சம் பணம் கொடுப்பார். முகம் தெரியாது, ஆனால் குரலை வைத்தோ நடையை வைத்தோ 'இது மேல்வீட்டுப் பையன்தானே' என்று யூகிப்பதில் வீட்டில் எல்லோருக்கும் ஒரு ஆனந்தம். குழு அடுத்த வீட்டை நோக்கிச் சரிவில் இறங்கும். எந்தக் குழு எந்த வழியாக, எந்த வீடுகளுக்குப் போகும் என்பது முன்பே தெரிந்த விஷயம். வீட்டுக்காரர்களும் அவரவர் வீட்டுக்கு வரும் குழுவுக்காகக் காத்திருப்பார்கள்.

இந்தக் காட்சியில் யார் கலைஞர், யார் பார்வையாளர்? முகமூடி போட்டவர்தான் கலைஞர் என்று தோன்றும். ஆனால் கதவைத் திறக்க ஆள் இல்லை என்றால் கிளவுஸ் எங்கே போவார்? உள்ளே இருப்பவருக்கு இது தனக்காக வந்த வாழ்த்து. தன் பங்குக்கு அவரும் ஒயினைச் சூடாக்கி, குழலை எடுத்து வைத்து, சில்லறையை எண்ணி வைத்து, குழந்தையை எழுப்பி உட்கார வைத்திருக்கிறார். இரண்டு தரப்பும் சேர்ந்து செய்தால்தான் மரபு நடக்கிறது. இதுதான் நான் இங்கே சொல்ல வந்த ஒரே விஷயம்: மரபு என்பது தொப்பியோ முகமூடியோ பாட்டோ அல்ல, ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் உள்ள ஓர் ஏற்பாடு. நீங்கள் வருவீர்கள் என்று நான் காத்திருப்பேன், நான் காத்திருப்பேன் என்று நீங்கள் வருவீர்கள். காப்பாற்ற வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான்.

உலக அளவில் இதற்கு ஒரு பெயர் உண்டு. 2003-இல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை செய்தது. அதில் 'தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபு' என்று ஒன்றை வரையறுத்தார்கள். கட்டடங்களும் சிற்பங்களும் அல்லாதவை: வாய்மொழிக் கதைகள், நிகழ்த்து கலைகள், சடங்குகளும் பண்டிகைகளும், இயற்கையைப் பற்றிய அறிவு, கைவினைத் திறன். அந்த வரையறையில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு இடங்கள். ஒன்று, எது மரபு என்று சொல்ல வேண்டியவர்கள் அதைச் செய்யும் மக்களே. இரண்டு, அது தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும்போது இடைவிடாமல் புதிதாக ஆக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அதாவது மாறாமல் இருப்பது மரபுக்கு நிபந்தனையே கிடையாது.

சுவிட்சர்லாந்து இந்த உடன்படிக்கையில் 2008-இல் சேர்ந்தது. சேர்ந்த நாடு ஒவ்வொன்றும் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும். மாநிலங்களோடு சேர்ந்து 'வாழும் மரபுகள்' என்ற பெயரில் அந்தப் பட்டியலை 2012-இல் வெளியிட்டார்கள், சில்வெஸ்டர்கிளவுசனும் அதில் இருக்கிறது. பட்டியலில் பெயர் வந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. பட்டியல் என்பது 'இது இருக்கிறது, இதை மதிக்கிறோம்' என்ற ஒப்புதல். அதனால் கவனம் வரும், சில நேரம் உதவித்தொகை வரும், ஆராய்ச்சியாளர் வருவார். ஜனவரி 13 காலை நான்கு மணிக்கு எழுந்து மணியை மாட்டிக்கொள்ளும் வேலையை எந்தப் பட்டியலும் செய்யாது.

அருங்காட்சியகமும் அப்படித்தான், ஆனால் அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊர்நேஷ் சதுக்கத்தில் அப்பன்செல் வழக்கங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய தொப்பிகளையும் முகமூடிகளையும் அங்கே கிட்டத்தில் நின்று பார்க்கலாம். அழகரின் தொப்பியை ஒரு கையகல தூரத்தில் பார்த்தால்தான் அது என்ன வேலை என்று புரியும். விளிம்பு முழுக்கச் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள், ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றாகக் கோத்து ஒட்டியவை. மேல் தட்டில் மரத்தில் செதுக்கிய குட்டி மனிதர்கள்: மாட்டை மலைக்கு ஓட்டிப் போகிறவர், மரம் அறுக்கிறவர், மல்யுத்தம் செய்கிறவர், கல்யாண ஊர்வலம். ஊரின் வேலையும் வாழ்க்கையும் அப்படியே ஒரு தலைமேல் உட்கார்ந்திருக்கும். ஒரு தொப்பிக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் உழைப்பு, அதுவும் பகல் வேலை முடிந்து வந்து மாலைகளில். அருகே உள்ள கோன்டென் ஊரில் 'ரோட்ஹூஸ்' என்று ஒரு நாட்டுப்புற இசை மையம் இருக்கிறது, அங்கே அந்தப் பகுதியின் பாட்டுகளையும் வாத்திய இசையையும் சேகரித்து வைக்கிறார்கள். இவையெல்லாம் ஞாபகசக்தி மாதிரி. நடுவில் ஒரு தலைமுறை எதையாவது மறந்துவிட்டால் திரும்பிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது.

ஆனால் கைமாற்றம் நடப்பது வேறு இடத்தில். அதே நாட்களில் சின்னப் பிள்ளைகளும் தங்களுக்குள் குழு சேர்த்து வேஷம் கட்டிக் கிளம்புவார்கள். சின்ன மணி, சின்னத் தொப்பி, ஆனால் முறை அதேதான்: சுற்றி நிற்பது, ஒலிப்பது, பாடுவது, கை குலுக்குவது. இது பள்ளியில் வாத்தியார் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்வதில்லை. சோயர்லி காதால் கேட்டுப் பிடிப்பது, வீட்டிலும் தொழுவத்திலும் மலை மேய்ச்சலிலும் பெரியவர்கள் பாடக் கேட்டுக் கேட்டு எந்த இடத்தில் குரல் மேலே உடைய வேண்டும், எந்த இடத்தில் சுருதியில் தங்க வேண்டும் என்று தானாகவே படிந்துவிடும். பத்து வயதில் வாசலில் நின்று கிளவுஸுக்கு உறிஞ்சுகுழல் நீட்டிய பையன்தான் இருபது வயதில் முகமூடிக்குள் இருப்பான், அறுபது வயதில் மறுபடி வாசலில் நிற்பான்.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தையும் பேசிவிட வேண்டும். இந்த மாதிரி முகமூடி வழக்கங்களைப் பற்றி எழுதும்போது 'கிறிஸ்தவத்துக்கு முந்தைய காலத்துச் சடங்கு, தீய ஆவிகளைத் துரத்த உருவானது' என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படிக் காட்டும் ஆவணம் கிடையாது. சில்வெஸ்டர்கிளவுசன் பற்றி எழுத்தில் முதலில் கிடைப்பது 1663-ஆம் ஆண்டுக் குறிப்பு, அதுவும் ராத்திரியில் மணி அடித்துக்கொண்டு சத்தம் போட்டு அலைவதைத் தேவாலயத் தரப்பு கண்டித்த குறிப்பு. ஒரு வழக்கம் மதிப்புள்ளது என்று காட்ட அதற்கு இரண்டாயிரம் வயது இருக்கத் தேவையில்லை. தேவாலயம் கண்டித்தும் முந்நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஊர்க்காரர்கள் விடாமல் செய்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

மேலே நினைவில் வைக்கச் சொன்ன அழகுக் கோரர் இங்கே வருகிறார். 1900-களின் தொடக்கத்தில் வாழ்ந்த ஒரு ஊர்நேஷ்காரரை இன்று கொண்டுவந்து நிறுத்தினால், நத்தை ஓடும் பாசியும் அடுக்கி வரும் அந்த வேஷத்தை அவருக்கு அடையாளமே தெரியாது. ஆனால் அடுத்த நிமிடம் மணி ஒலித்து, நின்று, சோயர்லி தொடங்கினால் அவர் கதவைத் திறந்துவிடுவார். எது மாறலாம், எது மாறக்கூடாது என்பதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை, ஊருக்குத் தெரியும். 'இதுதான் அசல் வடிவம், இனிமேல் ஒன்றையும் தொடக்கூடாது' என்று 1950-இல் ஓர் அதிகாரி முத்திரை குத்தியிருந்தால் இன்று பார்ப்பவர்கள் அதிகம் நின்று பார்க்கும் அந்த வேஷமே பிறந்திருக்காது. பாதுகாக்கிறேன் என்று உறைய வைப்பது மரபுக்குச் செய்யும் பெரிய கெடுதல் என்று நான் நினைக்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெண்கள் பற்றிய கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். பெரியவர்களின் குழுக்களில் இருப்பது ஆண்கள், பெண் வேஷமும் ஆண்களே கட்டுகிறார்கள். பெண்களின் வேலை வீட்டுக்குள்ளும் தையலிலும் நின்றுவிடுகிறது. இதே அவுசர்ரோடனில் மாநில விவகாரங்களில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1989-இல்தான், ஹுண்ட்வில் ஊரில் கூடிய திறந்தவெளி மக்கள் சபையில் ஆண்கள் கை தூக்கி முடிவு செய்தார்கள். பக்கத்து இன்னர்ரோடனில் 1990-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் வந்தது. கிளவுசனில் இது எப்படி மாறும், மாறுமா என்பதை அந்த ஊர்ப் பெண்களும் ஆண்களும்தான் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும், ஆனால் 'மரபு' என்ற ஒரே சொல்லைக் காட்டி அந்தப் பேச்சையே மூடுவது சரியில்லை.

அந்த மக்கள் சபையின் கதை இன்னொரு வகையில் நமக்கு உதவும். ஊர்மக்கள் திறந்தவெளியில் கூடி, கை உயர்த்தி வாக்களிக்கும் 'லான்ட்ஸ்கெமைன்ட' என்ற சபை அந்தப் பகுதியின் பெருமைகளில் ஒன்று. ஆண்கள் இடுப்பில் வாள் கட்டிக்கொண்டு போவார்கள், அந்த வாள்தான் வாக்குரிமைக்கு அடையாளம். இன்னர்ரோடன் அதை இன்றும் ஏப்ரல் கடைசி ஞாயிறு நடத்துகிறது. அவுசர்ரோடன் 1997-இல் வாக்குச்சீட்டில் முடிவெடுத்து நிறுத்திவிட்டது. ரகசிய வாக்கு வேண்டும், பெரிய சதுக்கத்தில் கைகளை எண்ணுவது சரியாக வராது என்று பல வாதங்கள். வருத்தப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் முடிவெடுத்தது ஊர். ஒரு மரபைக் கைவிடும் உரிமையும் அதைச் செய்பவர்களுக்கு இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு ஊரை அதைச் செய்துகொண்டே இருக்கச் சொல்ல முடியாது. அதே ஊர்மக்கள் அந்தச் சபையை விட்டார்கள், கிளவுசனை விடவில்லை, இரண்டையும் அவர்களேதான் முடிவு செய்தார்கள்.

சுற்றுலா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றி எல்லோரும் ஏற்கனவே நிறையப் பேசுகிறார்கள். பார்வையாளர்கள் வருவதால் விடுதிகளுக்கு வருமானம், ஊருக்குப் பெயர். ஆனால் பண்ணை வீட்டு வாசலில் வீட்டுக்காரருக்கும் கிளவுஸுக்கும் நடுவே நாற்பது கேமரா நின்றால் அங்கே நடப்பது வாழ்த்தா, நிகழ்ச்சியா? எந்த நாளில் கிளவுஸ் வீட்டுக்காரரை விட்டுக் கேமராவைப் பார்த்துப் பாடத் தொடங்குகிறாரோ அன்று அந்த ஏற்பாடு வேறு ஒன்றாகிவிடும். ஊர்நேஷில் இது இன்னும் பெரிய அளவில் நடக்காததற்குக் காரணம் என்று நான் நினைப்பது அதன் வடிவம்தான்: மேடை இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை, ஒரே இடத்தில் நடப்பதில்லை. குழுக்கள் சரிவுகளில் சிதறிப் போய்விடும், பாதி வீடுகளுக்கு நடந்துதான் போக முடியும்.

இதற்கு நேர்மாறான அனுபவம் தெற்கே, வாலிஸ் மாநிலத்து லோட்சென்டால் பள்ளத்தாக்குக்கு. அங்கே பிப்ரவரி 2-ஆம் தேதிக்கும் தவக்காலம் தொடங்குவதற்கும் இடைப்பட்ட நாட்களில் 'செக்கேத்தா' என்ற உருவங்கள் தெருவில் அலையும். ஆட்டுத்தோல் போர்த்தி, இடுப்பில் மணி கட்டி, பைன் மரத்தில் செதுக்கிய கோணல் வாய் முகமூடி போட்டிருப்பார்கள். முன்பு கல்யாணமாகாத இளைஞர்கள்தான் இதைச் செய்யலாம். 20-ஆம் நூற்றாண்டில் சேகரிப்பாளர்களும் அருங்காட்சியகங்களும் அந்த முகமூடிகளைத் தேடி வாங்கத் தொடங்க, செதுக்குவது விற்பனைத் தொழிலாகவே ஆனது. சுவரில் மாட்டுவதற்கென்றே முகமூடிகள் செய்தார்கள். அதனால் கெட்டது மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது, செதுக்கத் தெரிந்த கைகள் அதனால் பிழைத்தன.

அந்தப் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் இருந்த பிளாட்டன் கிராமத்தை 2025 மே 28 அன்று பிர்ச் பனிப்பாறை சரிந்து புதைத்துவிட்டது. ஒன்பது நாள் முன்பே ஏறக்குறைய 300 பேரையும் வெளியேற்றியிருந்தார்கள், அதனால் பெரும்பாலானோர் பிழைத்தார்கள், ஆனால் ஒருவர் உயிரிழந்தார், ஊரின் பெரும்பகுதி கல்லுக்கும் பனிக்கும் அடியில் போய்விட்டது. வீடுகள் இல்லை, தெரு இல்லை. மரபைப் பற்றி நாம் சொல்லிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் இந்தச் செய்தி உலுக்கிவிடுகிறது. முகமூடி புதைந்தால் இன்னொன்று செதுக்கலாம், செதுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கதவே போய்விட்டால்? பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டால்? ஊரை மறுபடி கட்ட வேண்டும் என்று அந்த மக்கள் உறுதியாகச் சொல்வதை நான் இந்த வெளிச்சத்தில்தான் புரிந்துகொள்கிறேன். கூரை கிடைத்தால் போதும் என்றால் வேறு ஊரில் கிடைக்கும். யாருக்கு யார் பக்கத்து வீடு என்ற அந்த வரிசை வேறு எங்கும் கிடைக்காது.

ஊர்நேஷுக்கு இப்படிப்பட்ட ஆபத்து இல்லை, ஆனால் மெதுவாக வரும் ஆபத்து அங்கேயும் உண்டு. ஆல்ப்ஸ் முழுக்க சின்னப் பண்ணைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு பண்ணை மூடி, அந்த வீட்டை விடுமுறைக்கு மட்டும் வரும் ஒருவர் வாங்கினால், கிளவுஸின் வழியில் ஒரு கதவு குறைகிறது. பால் விலை, நிலச் சட்டம், ஊருக்குள் வேலை, பள்ளிக்கூடம், பேருந்து இவையெல்லாம் பண்டிகைக்குச் சம்பந்தமில்லாத விஷயங்கள் போலத் தோன்றும். உண்மையில் பண்டிகையைத் தாங்கிப் பிடிப்பவை இவைதான். 2023-இல் சுவிட்சர்லாந்தின் கோடை மலை மேய்ச்சல் வாழ்க்கையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது அதில் பாலாடைக்கட்டி செய்வதும் மாட்டை அலங்கரித்து ஓட்டுவதும் மட்டும் இல்லை, மேய்ச்சல் நிலத்தைப் பராமரிப்பதும் அடங்கும். சோயர்லி பாடக் கற்ற இடமே அந்த மேய்ச்சல்தான். மாடு மலைக்குப் போவது நின்றால், பாட்டு கொஞ்ச காலம் மேடையில் ஓடும், அப்புறம் அது மேடைப் பாட்டு மட்டுமாக ஆகிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றினால், ஹெரிசாவிலிருந்து அப்பன்செல் போகும் ரயில் ஊர்நேஷில் நிற்கும். ஜனவரி 13-க்கு முந்தின நாளே போய்விடுங்கள், அங்கேயோ பக்கத்து ஊரிலோ தங்கி, விடியற்காலை நான்கரைக்கு வெளியே வந்துவிடுங்கள். வழுக்காத காலணி போட்டுக்கொள்ளுங்கள். குழு வரும்போது பாதையை விட்டு விலகிப் பனியில் இறங்கி நில்லுங்கள், ஏனென்றால் அவ்வளவு சுமையோடு வருபவரால் உங்களைச் சுற்றிப் போக முடியாது. பிளாஷ் வேண்டாம், முகமூடிக்குள்ளிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணைக் கட்டிவிடும். பண்ணை வீட்டு வாசலுக்குப் போனால் வீட்டுக்காரர்களுக்குப் பின்னால் நில்லுங்கள், முன்னால் அல்ல. சோயர்லி முடிந்ததும் கை தட்டாதீர்கள், அங்கே யாரும் தட்ட மாட்டார்கள். இருட்டிய பிறகு குழுக்கள் ஊருக்குள் இறங்கி விடுதி விடுதியாகப் பாடிக்கொண்டு போகும், அங்கே ஒரு மூலையில் இடம் பிடித்து உட்கார்ந்தால் காலையில் தூரத்திலிருந்து கேட்ட அதே பாட்டை ஒரு கை தூரத்தில் கேட்கலாம். கிளவுஸ் ஒருவர் உங்கள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினால், எழுந்து நின்று கை குலுக்கி, புது வருட வாழ்த்தைத் திருப்பிச் சொல்லுங்கள்.